பல் டாக்டர் யானைக்கு வைத்தியம் பார்க்கலாமா? தேவிதாசனின் தந்தமும் சில சந்தேகங்களும்

வேப்பங்குச்சி:

வணக்கம் மக்களே. கேரளாவில் தேவிதாசன் என்ற கொம்பன் யானைக்குப் பல் டாக்டர் ஒருவர் தந்தத்தை அடைத்துக் கொடுத்த செய்தி சிலருக்கு நினைவிருக்கலாம். 2012-ல் வெளிநாட்டு ஊடகங்கள் வரைக்கும் வந்தது. யானைக்கு 27 வயது, தந்தத்தில் நீளமாக வெடிப்பு, கிட்டத்தட்ட அரை மீட்டர். வருஷக்கணக்கில் வலியோடு இருந்திருக்கிறது. டாக்டர் சி.வி. பிரதீப் என்ற பல் மருத்துவர் தன் குழுவோடு போய், நமக்குச் சொத்தைப் பல்லில் வைத்து நீல விளக்கடித்து இறுக்குவார்களே, அதே பசையைக் கொண்டு அந்த வெடிப்பை அடைத்திருக்கிறார். 47 குழல் பசை, இரண்டரை மணி நேர வேலை.

நேற்று வீட்டில் இந்தப் பேச்சு வந்தது. மாமா சொல்கிறார், "அதெல்லாம் விளம்பரம், மாட்டு டாக்டர் பார்க்க வேண்டிய வேலையில் பல் டாக்டருக்கு என்ன?" எனக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை. இங்கே இரண்டு தரப்பு டாக்டர்களும் இருக்கிறீர்கள். தந்தம் என்பது பல்லா, கொம்பா? பல் என்றால் அதைக் கால்நடை டாக்டரே ஏன் அடைக்கவில்லை?

சந்தேகசாமி:

47 குழலா! எனக்கு ஒரு பல் அடைக்கவே ஆயிரக்கணக்கில் வாங்கினார்கள். யானைக்குப் பில் யார் கட்டினார்கள் என்று கேட்டுச் சொல்லுங்கள்.

கொங்குப்பல்:

பொள்ளாச்சிப் பக்கம் சின்ன ஊரில் பல் கிளினிக் வைத்திருக்கிறேன். முதல் கேள்விக்குப் பதில்: சாட்சாத் பல்தான். நம் மேல் வரிசை முன்பற்கள் இருக்கின்றன அல்லவா, யானைக்கு அதில் ஒரு ஜோடி வாயைத் தாண்டி வெளியே வளர்ந்து போனதுதான் தந்தம். உள்ளே முழுக்க நம் பல்லில் எனாமலுக்கு அடியில் இருக்கும் அதே தந்தினி (டென்டின்). ஆயுள் முழுக்க வளரும் என்பதுதான் நமக்கும் அதற்கும் முக்கிய வித்தியாசம். நமக்குப் பல் வேர் பிடித்து நின்றுவிடுகிறது, அதற்கு நிற்பதில்லை.

இப்போது அந்தப் பசை விஷயம். அதை ஒரே மூச்சில் பிதுக்கி நிரப்பிவிட முடியாது. நீல விளக்கு வெளிச்சம் சுமார் 2 மில்லிமீட்டர் ஆழத்துக்குத்தான் சரியாக இறங்கும். அதனால் 2 மில்லி பூசு, இருபது முப்பது நொடி விளக்கைக் காட்டு, மறுபடி 2 மில்லி. நம் சொத்தையில் இரண்டு மூன்று அடுக்கில் வேலை முடிந்துவிடும். அரை மீட்டர் நீள வெடிப்பில், ஆழமும் சில சென்டிமீட்டர் என்றால், நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டரை மணி நேரத்தில் முடித்திருக்கிறார்கள் என்றால் ஒருத்தர் பூச ஒருத்தர் விளக்குப் பிடிக்க என்று ஆட்கள் மாறி மாறி நின்றிருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

இறுகும்போது இந்தப் பசை கொஞ்சம் சுருங்கும். மொத்தமாக அடைத்தால் ஓரம் விட்டுப்போய் இடுக்கு விழும், அதில் தண்ணீரும் கிருமியும் போய்க் குடியேறும். அடுக்கடுக்காக வைப்பதற்கு அதுவும் ஒரு காரணம். பூசும் முன் பாஸ்பாரிக் அமிலம் தடவிக் கழுவி மேற்பரப்பைச் சொரசொரப்பாக்க வேண்டும், பிறகு ஒட்டுத் திரவம், அதற்கும் விளக்கு. இதெல்லாம் எங்களுக்குக் கைப்பழக்கம், தினம் பத்துப் பேருக்குச் செய்கிறோம். கால்நடை டாக்டர் வருஷத்தில் ஒரு தடவைகூட இந்தப் பொருளைத் தொட்டிருக்க மாட்டார். மாமாவிடம் இதைச் சொல்லுங்கள்.

ஒரு விஷயம் யாரும் யோசித்திருக்க மாட்டீர்கள். மனித வாயில் எங்களுக்குப் பெரிய எதிரி எச்சில். ஈரம் பட்டால் பசை ஒட்டாது, பஞ்சு வைத்து, உறிஞ்சு குழாய் வைத்து மல்லுக்கட்டுவோம். தந்தம் வாய்க்கு வெளியே இருப்பதால் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் வெயில் இருக்கிறது! சூரிய வெளிச்சத்திலும் அந்தப் பசை இறுகத் தொடங்கிவிடும். திறந்த வெளியில் குழலைத் திறந்து வைத்துவிட்டு யானை திரும்பட்டும் என்று காத்திருந்தால் பசை கரண்டியிலேயே கெட்டியாகிவிடும். நல்ல நிழல் கொட்டகை வேண்டும், தூசி பறக்காத இடம் வேண்டும். யானை நிற்கிற இடத்தில் தூசி பறக்காமல் இருக்குமா, அது தானே மண்ணை அள்ளித் தலையில் போட்டுக்கொள்கிற ஜீவன்.

மாட்டு டாக்டர்:

கொங்குப்பல் சார் சொன்னது அத்தனையும் சரி, "கால்நடை டாக்டர் தொட்டிருக்க மாட்டார்" என்பது உள்பட. அரசு மருந்தகத்தில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஐந்தரை வருஷப் படிப்பில் பல்லுக்கு ஒதுக்கியது கொஞ்சம்தான். எங்களுக்குப் பல் என்றால் வயது பார்க்க. ரெண்டு பல், நாலு பல், கடைசேர்ந்த மாடு என்று சந்தையில் தரகர் சொல்வதைச் சரிபார்க்கிற அளவுக்குத்தான். மாட்டுக்கு மேல் தாடையில் முன்பல்லே கிடையாது, அங்கே அடைக்க என்ன இருக்கிறது!

ஆனால் வேப்பங்குச்சி, உங்கள் மாமா கேட்டதில் ஒரு நியாயமும் இருக்கிறது. சட்டப்படி பல் டாக்டர் தனியாகப் போய் எந்த மிருகத்துக்கும் வைத்தியம் பார்க்க முடியாது. இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டம், 1984, பதிவு பெற்ற கால்நடை மருத்துவர்தான் பார்க்க வேண்டும் என்கிறது. யானை என்றால் அதோடு விடாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அது முதல் அட்டவணை, அதாவது மிக உயர்ந்த பாதுகாப்பு. வளர்ப்பவருக்கு உரிமைச் சான்று வேண்டும், தந்தத்தை வெட்டவோ ராவவோ வனத்துறை அனுமதி வேண்டும், விழுகிற துண்டுக்கும் கணக்கு உண்டு. ஆகவே வைத்தியத்தின் பொறுப்பு கால்நடை டாக்டர் தலையில், பல் டாக்டர் கை உதவிக்கு வருகிறவர். எனக்குத் தெரிந்து உலகம் பூராவும் இப்படித்தான் நடந்திருக்கிறது. லண்டனில் பீட்டர் கெர்டெஸ் என்று ஒரு பல் மருத்துவர், மனிதர்களுக்குப் பார்த்துக்கொண்டே மிருகக்காட்சிசாலை டாக்டர்கள் கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போய்ப் புலிக்கும் யானைக்கும் பார்த்தவர். அமெரிக்காவில் பீட்டர் எமிலி, அவரும் அடிப்படையில் மனிதப் பல் டாக்டர், அங்கே கால்நடைப் பல் மருத்துவம் என்ற துறை வளர முக்கியக் காரணம்.

சரி, யானைக்கு வருவோம். பசை பூசுவதற்கு முன்னால் நாங்கள் பார்க்க வேண்டியதைச் சொல்கிறேன்.

மதம் பிடித்திருக்கிறதா என்பது முதலாவது. கன்னத்தில் நீர் வடிகிற காலத்தில் கொம்பன் பக்கத்தில் பாகனே போக யோசிப்பான். அந்த மாதங்களில் எந்த வேலையும் கிடையாது. அடுத்தது காசநோய். பலருக்குத் தெரியாது, மனிதருக்கு வருகிற அதே காசநோய்க் கிருமி யானைக்கும் வரும், நம்மிடமிருந்து அதற்கும் அதனிடமிருந்து நமக்கும். தந்தத்துக்குப் பக்கத்தில் இரண்டரை மணி நேரம் முகத்தை வைத்துக்கொண்டு நிற்கப் போகிறவர் அந்தப் பல் டாக்டர். தும்பிக்கை மூச்சு முழுக்க அவர் மேல்தான். அதனால் பரிசோதனை முடிவு கையில் இல்லாமல் நான் யாரையும் அருகில் விட மாட்டேன்.

மூன்றாவது மயக்கம். முழு மயக்கம் கொடுத்துப் படுக்கப் போடுவது யானைக்குப் பெரிய ஆபத்து. அதிலும் நெஞ்சு தரையில் அழுந்தும்படி மடிந்து விழுந்துவிட்டால் அந்த எடையில் அதற்கு மூச்சு விட முடியாது, உடனே பக்கவாட்டில் சாய்த்தாக வேண்டும். ஆகவே முடிந்தவரை நின்றபடியே லேசான மயக்கம், அல்லது மருந்தே இல்லாமல் பாகன் சொல்லுக்கு நிற்க வைப்பது. இதைத் தீர்மானிக்கப் பல் டாக்டருக்கு வழியில்லை. வெடிப்பு எவ்வளவு ஆழம், அதை எப்படிச் சுத்தம் செய்யலாம் என்று தீர்மானிக்க எனக்கு வழியில்லை. ரெண்டு பேரும் வேண்டும்.

பாகன்மகன்:

மூணாவது ஆளை மறந்துட்டீங்களே டாக்டர் ஐயா. 😀

எங்கள் அப்பா யானை முகாமில் காவடியாக (உதவிப் பாகனாக) சேர்ந்து பாகனாக ஓய்வு பெற்றவர். ஊசி போடுகிற டாக்டரை யானை வாசனையிலேயே கண்டுகொள்ளும், ஜீப் சத்தம் கேட்டாலே காதை விறைக்கும். புதுசாக ஒருத்தர் வெள்ளைக் கோட்டுடன் வந்து தந்தத்தில் கை வைத்தால் என்ன ஆகும்? அப்பா என்ன செய்வார் என்றால், ஒரு வாரத்துக்கு முன்பிருந்தே தினமும் குளிப்பாட்டும்போது தந்தத்தைத் தட்டிக் கொடுப்பார், துணியால் தேய்ப்பார், நடுவில் வெல்லம். வேலை நடக்கிற அன்றைக்கு யானைக்கு அது புது விஷயமாகவே இருக்காது.

தந்தத்தை எந்த அளவுக்கு வெட்டலாம் என்பதற்குப் பாகன்களிடம் ஒரு கணக்கு உண்டு. கண்ணிலிருந்து தந்தம் வெளியே வரும் இடம் வரைக்கும் ஒரு கயிற்றால் அளப்பார்கள். அதே கயிற்றை அங்கிருந்து முன்னே நீட்டி, அதுக்கும் கொஞ்சம் தள்ளித்தான் ரம்பம். அதுவரைக்கும் உள்ளே உயிர் இருக்கும் என்பார் அப்பா.

கொங்குப்பல்:

பாகன்மகன் தம்பி, அந்த "உயிர்" என்பதுதான் நாங்கள் கூழ் என்று சொல்வது, நரம்பும் ரத்தக் குழாயும் உள்ள பகுதி. நம் பல்லில் அது பென்சில் முள் அளவு. யானைக்கு மண்டைக்குள்ளிருந்து தந்தத்தின் உட்கூடு முழுக்க நிறைந்து வெளியே வரைக்கும் வந்திருக்கும். வெடிப்பு அதுவரை இறங்கியிருந்தால் வெறுமனே மேலே பசை பூசி மூடுவது தப்பு, சீழை உள்ளே வைத்துத் தைத்த மாதிரி ஆகிவிடும். தேவிதாசன் மாதிரி விஷயங்களில் பத்திரிகைகள் குழல் எண்ணிக்கையைத் தலைப்பாகப் போடுகின்றன, எனக்கு அதில் சுவாரசியம் இல்லை. வெடிப்பைச் சுரண்டிச் சுத்தம் செய்து "இதற்கு மேல் உயிர், இங்கே நிறுத்து" என்று முடிவெடுத்த கணம்தான் கெட்டிக்காரத்தனம். அதற்கு அப்புறம் நடந்தது கொத்தனார் வேலை, என் தொழிலைக் குறைத்துச் சொல்லவில்லை.

சந்தேகசாமி:

எல்லாம் சரி. ஆனால் அந்தத் தந்தம் ஏன் வெடித்தது என்று ஒருத்தரும் கேட்கவில்லையே? காட்டு யானைக்கு யார் சிமெண்ட் பூசுகிறார்கள்? லாரியில் ஏற்றி, தார் ரோட்டில் நடத்தி, செண்டை மேளத்துக்கு நடுவில் மணிக்கணக்காக நிற்க வைத்து, கடைசியில் தந்தம் அழகாகத் தெரிய வேண்டும் என்று பசை. திருவிழா மார்க்கெட்டில் கொம்பு நன்றாக இருந்தால்தான் வாடகை. இது வைத்தியமா, மேக்கப்பா?

திருச்சூர்க்காரி:

சந்தேகசாமி அண்ணா சொல்வதில் பாதி உண்மை. இங்கே பூரத்துக்கு யானையின் உயரத்தையும் தந்தத்தின் வளைவையும் ரசிகர்கள் கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி பேசுவார்கள், ஆளுயர பிளெக்ஸ் வைப்பார்கள். உடைந்த தந்தத்துக்கு ஃபைபரில் செய்து மாட்டிவிடுவதும் நடக்கிறது. அது மேக்கப், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வெடிப்பில் புழுவும் சேறும் போய், யானை தும்பிக்கையால் அந்த இடத்தையே தடவிக்கொண்டு நிற்பதைப் பக்கத்தில் பார்த்திருக்கிறேன். அதை மூடுவதை மேக்கப் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

மாட்டு டாக்டர்:

காட்டிலும் தந்தம் உடையும் சாமி. சண்டையில் உடையும், மரத்தை நெம்பும்போது உடையும். சீழ் பிடித்து யாருக்கும் தெரியாமல் செத்தும் போகும். ஆனாலும் யானையைச் சங்கிலியில் வைத்திருப்பது சரியா என்ற உங்கள் கேள்வி நியாயமானது. அதற்கு என் பதிலும் "சரியில்லை"தான். அந்த விவாதம் முடிகிற வரைக்கும் வலியோடு நிற்கிற யானையை என்ன செய்வது? என்னிடம் கொண்டுவந்தால் பார்ப்பேன்.

ஊர்சுற்றி:

இதோடு சேர்ந்த ஒன்று. பெங்களூர் பன்னேர்கட்டாவில் கரடி மீட்பு மையம் இருக்கிறது, ஆக்ராவிலும் பெரிய மையம். ரோட்டில் வித்தை காட்டின கரடிகளை மீட்டு வைத்திருக்கிறார்கள். கடைசி வித்தைக் கரடி 2009-ல் மீட்கப்பட்டது என்பார்கள். குட்டியிலேயே மூக்கைச் சூடு போட்டுத் துளைத்துக் கயிறு மாட்டி, கடிக்காமல் இருக்கக் கோரைப் பல்லை அடித்து உடைத்துவிடுவார்களாம். உடைந்த வேர் உள்ளேயே தங்கிச் சீழ் வைத்துக்கொண்டிருக்கும். அந்தக் கரடிகளுக்குப் பல் வைத்தியம் பார்க்கவும், நம் ஊர் கால்நடை டாக்டர்களுக்குக் கற்றுக்கொடுக்கவும் வெளிநாட்டிலிருந்து பல் நிபுணர்கள் வந்து போயிருக்கிறார்கள். அதை மேக்கப் என்று சந்தேகசாமியே சொல்ல மாட்டார்.

கொசுறு: நம் கரடிக்கு மேல் வரிசையில் நடுவில் இரண்டு முன்பல் கிடையாது. கரையான் புற்றில் வாயை வைத்து உறிஞ்ச வசதியாக அந்த இடைவெளி.

சந்தேகசாமி:

கரடிக்கு நான் எதிரியில்லை. யானை விஷயத்தில் என் கருத்து என் கருத்துதான்.

வேப்பங்குச்சி:

கொங்குப்பல் சார், நீங்கள் இந்த மாதிரி எதற்காவது பார்த்திருக்கிறீர்களா? இவ்வளவு விவரம் சொல்கிறீர்களே.

கொங்குப்பல்:

யானை இல்லை, குதிரை. வண்டிப் பந்தயத்துக்கு ஓட்டுகிற குதிரை. ஒரு மூக்கில் மட்டும் சளி ஒழுகுகிறது, வாசலில் நின்றாலே நாற்றம், தீனி எடுத்தால் பாதியை வாயிலிருந்து உருண்டையாகத் துப்புகிறது என்று எங்கள் ஊர் கால்நடை டாக்டரிடம் கொண்டுவந்தார்கள். அதற்கு முன் ஊரில் ஆளாளுக்குச் சளி மருந்து கொடுத்திருக்கிறார்கள். டாக்டருக்குப் பல் மேல் சந்தேகம், "சார், உங்கள் தலை விளக்கும் வாய்க்குள் விட்டுப் பார்க்கிற கண்ணாடியும் எடுத்துக்கொண்டு கொஞ்சம் வாங்க" என்று போன் பண்ணினார்.

அவர் மயக்க ஊசி போட்டார். குதிரை நின்றபடியே தலையைத் தொங்கப் போட்டது. இரும்பு வாய்த்திறப்பியை மாட்டித் திருகித் திறந்தார், நாக்கை ஒரு பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டார். என் கண்ணாடி மூச்சுச் சூட்டில் உடனே மங்கிப்போனது. மனித வாயிலும் இப்படித்தான் ஆகும், வெந்நீரில் முக்கிச் சூடாக்கினால் மங்காது. வெந்நீர் டம்ளர் ஒன்று கொண்டுவரச் சொன்னேன், குதிரைக்காரர் நான் டீ கேட்கிறேன் என்று நினைத்து டீயோடு வந்தார். கடைசியில் தெரிந்தது: மேல் கடைவாயில் ஒரு பல் நெடுக்காகப் பிளந்து, பிளவுக்குள் வைக்கோல் திணிந்து அழுகிக் கிடந்தது. அந்த நாற்றம் எங்களுக்கு அத்துப்படி, வேர் செத்த பல்லின் நாற்றம். குதிரைக்குப் பின்பக்க மேல் கடைவாய்ப் பல் வேர்கள் முகத்தின் உள்ளறைக்குள்தான் (சைனஸ்) முடிகின்றன. சீழ் அதில் வடிந்து அந்தப் பக்க மூக்கு வழியாக வந்துகொண்டிருந்தது. அதனால்தான் ஒற்றை மூக்கு.

பிடுங்குவது எங்கள் இரண்டு பேராலும் ஆகாத காரியம். அந்த வேர் நீளத்துக்கு என்னிடம் இருக்கும் குறடு காது குடைகிற குச்சிக்குச் சமம். கால்நடைக் கல்லூரிக்கு அனுப்பினோம், அங்கே எடுத்தார்கள், மூக்கும் நின்றது. நான் செய்தது பார்த்துச் சொன்னது மட்டும்தான். கிராமத்துப் பல் டாக்டரால் ஆகிற உதவி பெரும்பாலும் இந்த அளவுதான், அதுவே சில நேரம் போதும்.

மாட்டு டாக்டர்:

வெந்நீர் யோசனை அருமை சார். சர்வீஸ் காலத்தில் தெரிந்திருந்தால் எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கும்!

பாகன்மகன்:

எல்லாரும் தந்தத்தையே பேசுகிறீர்கள், யானை உயிரோடு இருப்பது கடைவாய்ப் பல்லால். மொத்தம் ஆறு செட், வாழ்நாளில் ஒவ்வொன்றாகப் பின்னாலிருந்து முன்னால் தள்ளிக்கொண்டு வரும், முன்னால் தேய்ந்தது துண்டு துண்டாக விழும். செங்கல் மாதிரி இருக்கும், அப்பா ஒன்று காட்டியிருக்கிறார். ஆறாவது செட் தேய்ந்துவிட்டால் அவ்வளவுதான், அறுபதைத் தாண்டின யானை தீனி இருந்தும் மெலியும். இதைக் கண்டுபிடிக்க அப்பா வாயைத் திறந்து பார்க்க மாட்டார். காலையில் லத்தியை (யானைச் சாணத்தை) உடைத்து நாரைப் பிரிப்பார். நார் குட்டையாக இருந்தால் பல் நன்றாக அரைக்கிறது, நீள நீளமாகத் தழை அப்படியே வந்தால் பல் போய்விட்டது. அதற்கப்புறம் கேழ்வரகுக் களி, கொள்ளு எல்லாவற்றையும் நன்றாகக் குழைய வேகவைத்துக் கவளம் பிடித்து ஊட்ட வேண்டும், தழையை நறுக்கிப் போட வேண்டும்.

கடைவாய்ப் பல்லை உங்கள் பசையால் கட்ட முடியுமா டாக்டர்?

கொங்குப்பல்:

முடியாது தம்பி. அந்தக் கடியின் அழுத்தத்துக்கு ஒரு நாள் தாங்காது. தந்தம் மெல்லுவதில்லை, அதனால்தான் அங்கே நிற்கிறது.

திருச்சூர்க்காரி:

நிற்கிறது என்றால் எவ்வளவு நாளைக்கு? தந்தம் வளர்ந்துகொண்டே இருக்கும் என்றீர்களே, அடைத்த இடம் நகராதா?

கொங்குப்பல்:

நகரும். புதுத் தந்தினி உள்ளேயிருந்து வருவதால் அடைத்த பகுதி வருஷம் போகப்போக நுனியை நோக்கிப் போகும், நுனி தேயும். வெடிப்பு வேர் வரைக்கும் போகாததாக இருந்தால் காலப்போக்கில் வெடித்த பகுதியே நுனிக்கு வந்துவிடும். அதுவரை கிருமி போகாமல் மூடி வைத்தால் போதும், நிரந்தரமாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மனிதப் பல்லுக்கு இந்தக் கொடுப்பினை கிடையாது. ஆனால் யானை தந்தத்தைச் சுவரில் உரசும், சங்கிலியைத் தூக்கும், ஓரம் பெயரும். அவ்வப்போது பார்த்துத் திருத்தியாக வேண்டும்.

பாகன்மகன்:

அப்படியானால் ஒரு விஷயம். அப்பாவுக்குத் தெரிந்த ஒருத்தர் பார்த்துக்கொள்ளும் கொம்பனுக்கு வலது தந்தத்தில் விரல் நீளத்துக்குக் கீறல், நகத்தை வைத்தால் மாட்டுகிறது. சீழ் இல்லை, நாற்றம் இல்லை. பொள்ளாச்சியிலிருந்து தூரமும் இல்லை. கொங்குப்பல் சார் வருவீர்களா?

கொங்குப்பல்:

வரத் தயார். பசை என் செலவு, சந்தேகசாமி அண்ணன் பில்லைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். ஆனால் மாட்டு டாக்டர் ஐயா சொல்லாமல் வர மாட்டேன்.

மாட்டு டாக்டர்:

விரல் நீளம், நாற்றம் இல்லை என்றால் அவசரம் இல்லை. தம்பி, யானையின் உரிமையாளர் வனத்துறைக்கு எழுத்து மூலமாகக் கொடுக்கட்டும். அந்தப் பகுதி வனக் கால்நடை மருத்துவர் முதலில் பார்க்க வேண்டும், நான் ஓய்வு பெற்றவன், கூட வந்து நிற்கலாம் அவ்வளவுதான். காசநோய்ப் பரிசோதனை எப்போது எடுத்தார்கள் என்று கேட்டு வையுங்கள். கீறலுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்துப் படம் எடுங்கள், பதினைந்து நாள் கழித்து இன்னொரு படம், நீளுகிறதா என்று தெரிந்துவிடும். அதுவரை எண்ணெய், மஞ்சள், வேப்பெண்ணெய் என்று யாரும் எதையும் அதில் தடவ வேண்டாம், பிறகு பசை ஒட்டாது என்று சார் கோபித்துக்கொள்வார். கன்னத்தில் நீர் இருக்கிறதா இப்போது?

பாகன்மகன்:

இடது பக்கம் லேசாக ஈரம் இருக்கிறதாம் ஐயா.

மாட்டு டாக்டர்:

அப்போது எந்தப் பேச்சும் வேண்டாம், படம் எடுக்கக்கூட யாரும் கிட்டே போக வேண்டாம். மதம் இறங்கி, அது பழையபடி பாகன் சொல்லுக்கு நிற்க ஆரம்பித்த பிறகு இந்த இழையிலேயே எழுதுங்கள்.